சிங்க் ஒரு நாள் ஓடுகிறது, நாலு நாள் படுக்கிறது: சிறுபோகப் பட்டியல் இப்போது இரண்டு

வாய்க்கால் செயலாளர் | திங்கள், இரவு 8.15

வணக்கம். இங்கே வாசிக்கிறவன்தான், எழுதுவது முதல் தடவை. கணினியில் நான் அரைகுறை, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலில் ஒரு கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர் நான். அமைப்பின் அறையில் ஒரு பழைய டெஸ்க்டொப், வீட்டில் என்னுடைய லாப்டொப். இரண்டிலும் ஒன்ட்ரைவ், ஃபைலை இணையத்தில் ஏற்றி இரண்டு கணினியிலும் ஒரே மாதிரி வைத்திருக்கிற, அதாவது சிங்க் செய்கிற, மைக்ரோசொஃப்ட் செயலி. ஒரே கணக்கு, இலவசமாகத் தருகிற 5 ஜிபி. அதில் இருக்கிற முக்கியமான ஃபைல் ஒன்றே ஒன்று, சிறுபோகப் பங்குப் பட்டியல். காலபோகத்துக்கு, அதாவது மாரிப் பயிருக்கு, எல்லாரும் விதைப்பார்கள், பட்டியலை ஒருவரும் தேடுவதில்லை. கோடையில் செய்கிற சிறுபோகம் அப்படியில்லை, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று பிரிப்பது, அந்த நாட்களில் அந்த எக்செல் ஷீட்டுக்கு ஊரில் இருக்கிற மரியாதை எனக்குக்கூடக் கிடையாது.

இப்போது வீட்டில் நான் திருத்துவது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை, அங்கே வேலை செய்கிற பிள்ளை திருத்துவது எனக்கு வருவதில்லை. முழுக்க நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. திடீரென்று ஒரு நாள் எல்லாம் ஓடி வரும், பிறகு நாலைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. போன கிழமை அப்படி ஓடி வந்தபோது பட்டியல் இரண்டாக வந்தது, ஒன்றின் பெயருக்குப் பின்னால் அலுவலகக் கணினியின் பெயர் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் ஆட்கள் அதே ஆட்கள், ஏக்கர் வேறு. வெள்ளிக்கிழமை கூட்டம். எதை வாசிப்பது?

ஏ9 பொடியன் | திங்கள், இரவு 8.31

அன்இன்ஸ்டோல் பண்ணிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ அண்ணை. எனக்கு எப்பவும் அதுதான் கைகொடுக்கும்.

முறிகண்டிக் கச்சான் | திங்கள், இரவு 8.50

தம்பி, கொஞ்சம் பொறும்.

செயலாளர் அண்ணை, இப்போதைக்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம். ஒன்ட்ரைவைக் கழற்றினால் ஃபைல் அழியாது என்பது உண்மைதான், ஆனால் மேலே ஏறாமல் நிற்கிற ஃபைல் எது, ஏறியது எது என்று பிறகு பிரித்துப் பார்ப்பது பெரும் பாடு. திரும்ப இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத ஃபைல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பிரதி போட்டு வைக்கும், இரண்டாக இருக்கிற பட்டியல் நாலாகும். 2023 நவம்பரில் கூகிள் ட்ரைவின் டெஸ்க்டொப் செயலியில், 84ஆம் பதிப்பில், சிலருக்கு மேலே ஏறாத ஃபைல்கள் காணாமல் போனது நினைவிருக்கும். அப்போது கூகிள் சொன்ன முதல் அறிவுரையே கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலி தன் தரவை வைத்திருக்கிற ஃபோல்டரைத் தொடாதீர்கள் என்பதுதான். பிறகு வந்த 85ஆம் பதிப்பில் மீட்கிற வழி வந்தது, கழற்றி எறிந்தவர்களுக்கு அது உதவியிருக்காது.

நாளைக்குக் காலையில் முதல் வேலை, அலுவலகக் கணினியில் இருக்கிற அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் கொப்பி எடுங்கோ. லாப்டொப்பில் இருக்கிறதையும் தனியாக எடுங்கோ. இரண்டையும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் போட்டுவிடாதேயுங்கோ. கூட்டம் முடியும்வரைக்கும் எந்தப் பட்டியலையும் அழிக்கக் கூடாது, எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும்.

கனகராயன் | திங்கள், இரவு 9.40

கச்சான் அண்ணை சொன்னதுக்கு மேல் சில கேள்விகள். நான் கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன், இந்தப் பழைய டெஸ்க்டொப்புகளோடுதான் என் சீவியம்.

விண்டோஸ் எத்தனையாவது? 7 அல்லது 8 என்றால் கதையே வேறு, 2022 மார்ச் 1ஓடு ஒன்ட்ரைவ் அவற்றில் சிங்க் செய்வதை நிறுத்திவிட்டது. கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மேகச் சின்னம் என்ன நிறம், அதன் மேல் கோடோ, அம்போ, இரண்டு சின்னக் கோடோ இருக்கிறதா? இணையம் எதில் வருகிறது? 5 ஜிபியில் எவ்வளவு மிச்சம்? பட்டியலை அந்தப் பிள்ளை எக்செலில் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவாரா? பழைய எக்செல் என்றால் திறந்திருக்கிற ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூடும்வரை மேலே ஏற விடாது.

வாய்க்கால் செயலாளர் | செவ்வாய், மதியம் 12.20

காலையில் போய்ப் பார்த்தேன். கொப்பி எடுத்தாயிற்று.

விண்டோஸ் 10. இடம் 3 ஜிபிக்கு மேல் மிச்சம். எக்செலை மூடிவிட்டுத்தான் போவதாகப் பிள்ளை சொல்கிறாள். இணையம் 4ஜி ரவுட்டர், சிக்னல் பரவாயில்லை, என் ஃபோனில் அதே ரவுட்டரால் எல்லாம் வருகிறது. சின்னம் சாம்பல் நிற மேகம், குறுக்கே ஒரு கோடு. தொட்டால் கணக்குக்குள் நுழையச் சொல்கிறது, கடவுச்சொல் கொடுத்தால் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது, இணைய முடியவில்லை என்று வருகிறது. ஆனால் அவளிடம் கேட்டால், வியாழன் நீலமாக இருந்ததே என்கிறாள்.

ஏ9 பொடியன் | செவ்வாய், மதியம் 12.45

மீட்டர்ட் கனெக்ஷன் பார்த்தீங்களா? எங்கட வீட்டில் அதுதான் நடந்தது. வைஃபை அமைப்புக்குள் போனால் மீட்டர்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது போட்டிருந்தால் டேட்டாவை மிச்சம் பிடிக்க ஒன்ட்ரைவ் தானாக நின்றுவிடும்.

வாய்க்கால் செயலாளர் | செவ்வாய், மதியம் 1.30

தம்பி, போட்டுத்தான் இருந்தது! மருமகன் போன வருசம் டேட்டா வீணாகுது என்று ஏதோ செய்தான், இதுவாகத்தான் இருக்கும். எடுத்துவிட்டேன். சின்னம் இன்னும் சாம்பல்தான்.

கனகராயன் | செவ்வாய், பிற்பகல் 2.10

மீட்டர்ட் என்றால் சின்னத்தில் இடைநிறுத்தக் குறி விழும், கணக்கிலிருந்து வெளியேற்றாது. குறுக்கே கோடு என்றால் உள்ளேயே நுழையவில்லை என்று அர்த்தம். பொடியன் கண்டுபிடித்ததும் ஒரு தடைதான், நல்ல காலம் எடுத்தாயிற்று, ஆனால் ஆள் வேறு.

பாலைப்பழம் | செவ்வாய், மாலை 6.05

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஆசிரியை. எனக்கும் சிங்க் நின்றது, காரணம் வேறு, யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பாடசாலைக் கணினியில் எங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள் கடிதத் தலைப்பு மாதிரி. ஆண்டு, தவணை, தரம், பாடம், பிறகு உள்ளே இன்னொருமுறை அதே பெயர், அதற்குள் ஒரு நீண்ட ஃபைல் பெயர். முழுப் பாதைக்கும் விண்டோஸில் வழமையான எல்லை 260 எழுத்து, ஒன்ட்ரைவில் 400. 260 நிறைய என்று நினைப்போம். ஆனால் தமிழைக் கணினி நாங்கள் எண்ணுவது மாதிரி எண்ணாது. பட்டியல் என்று எழுதினால் எங்களுக்கு ஐந்து எழுத்து, அதற்கு எட்டு: புள்ளி தனி, விசிறி தனி. அரிச்சுவடியில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்து என்று படிப்பிக்கிற எனக்கே இது கண்டுபிடிக்க இரண்டு நாள் போயிற்று. ஃபோல்டர் பெயர்களைச் சுருக்கினேன், சிவப்புப் புள்ளடி போய்விட்டது.

இன்னொன்று, எங்கள் அலுவலகங்களில் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் சாகவில்லை, ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது அது. பாமினியில் ‘இ’ என்பது காற்புள்ளிச் சாவி, அதனால் இரணைமடு என்று பெயர் வைத்த ஃபைல் காற்புள்ளியில் தொடங்குகிற ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும், தேடினால் கிடைக்காது, ஃபோனில் பார்த்தால் யாரோ பூனை விசைப்பலகையில் நடந்தது மாதிரி இருக்கும். ‘ஈ’ வேண்டுமென்றால் இன்னும் மோசம், அது ‘சிறியது’ குறி, ஃபைல் பெயரில் விண்டோஸே அதை விடாது. பெயர்களையாவது யுனிகோட்டில் வையுங்கள்.

வாய்க்கால் செயலாளர் | செவ்வாய், மாலை 6.40

மிஸ், எங்களுடைய ஃபைல் பெயரும் காற்புள்ளியில்தான் தொடங்குகிறது. இவ்வளவு நாளும் அது ஏதோ பிழை என்று நினைத்தேன்.

பரந்தன் சந்தி | செவ்வாய், இரவு 8.00

இதெல்லாம் தேவையா? ஒரு பென்டிரைவ், ஒரு சட்டைப்பை. முடிந்தது வேலை. தண்ணீர்ப் பங்கைக் கொண்டுபோய் எங்கேயோ ஒரு நாட்டில் வைத்துவிட்டு, வரவில்லை வரவில்லை என்று குளறுவானேன்.

முறிகண்டிக் கச்சான் | செவ்வாய், இரவு 8.35

பரந்தன் அண்ணை, 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள், குளத்தின் கதவுகள் திறந்த அந்த இரவு. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கணினி மேசையில் இருந்தது, அதன் பேக்கப் என்று வாங்கி வைத்த ஹார்ட் டிஸ்க் அதே மேசையின் லாச்சிக்குள் இருந்தது. இரண்டும் ஒன்றாகக் குளித்தன. அதற்குப் பிறகுதான் நான் கிளவுட் பக்கம் வந்தேன்.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்க் என்பது பேக்கப் இல்லை. நான் பிழையாக அழித்தால் அந்தப் பிழையையும் அது ஒழுங்காக, ஒன்றும் விடாமல், மற்றக் கணினிக்கும் கொண்டுபோகும். என் மூத்தவன் சி ட்ரைவ் நிரம்பிவிட்டது என்று கல்யாண வீட்டுப் படங்களை அழித்தான், அம்மாவின் ஃபோனிலிருந்தும் போய்விட்டது. குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதால் தப்பினோம், இருபத்தைந்தாம் நாள்தான் தேடியிருக்கிறோம். இடம் வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது, ஃபைலில் வலது கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைக் கொடுக்க வேண்டும், அப்போது ஃபைல் மேலே இருக்கும், இங்கே பெயர் மட்டும் நிற்கும். ஆகவே இரண்டும் வேண்டும் அண்ணை: கிளவுட்டும், உங்கள் சட்டைப்பையும்.

பரந்தன் சந்தி | செவ்வாய், இரவு 8.50

சட்டைப்பையை ஒத்துக்கொண்டதுக்கு நன்றி.

கனகராயன் | செவ்வாய், இரவு 10.25

செயலாளர் அண்ணை, யோசித்துப் பார்த்தேன். அதே ரவுட்டரில் ஃபோன் வேலை செய்கிறது, கணினி மட்டும் கணக்குக்குள் நுழைய மறுக்கிறது, சில நாள் மட்டும் நுழைகிறது. ஒரு கேள்வி: இரவில் அறையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டா போகிறீர்கள்? நாளைக்குக் காலையில் கணினியைப் போட்டதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், மூலையில் இருக்கிற திகதியைப் பாருங்கோ. நேரத்தை இல்லை, திகதியை, முக்கியமாக ஆண்டை.

வாய்க்கால் செயலாளர் | புதன், காலை 8.55

2015 ஜனவரி 1.

ஓம், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவோம், முந்தி ஒருமுறை மின்னல் அடித்து ரவுட்டரும் பிரிண்டரும் எரிந்த பிறகு அது எங்களுக்குக் கட்டாயம். பிள்ளையைக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொல்கிறாள், ஓம் அங்கிள், அது எப்பவும் அப்பிடித்தான், கடிதம் அடிக்கிற நாளில் நான் திருத்திவிடுவேன், கடிதத்தில் திகதி தானாக விழும்தானே. மற்ற நாளில் பட்டியல்தானே என்று விட்டுவிடுவாளாம். எத்தனை மாதமாக என்று கேட்டதுக்குச் சிரிக்கிறாள்.

கனகராயன் | புதன், காலை 9.30

ஆள் அகப்பட்டுவிட்டான்.

மதர்போர்டில் ஒரு ரூபா நாணயம் மாதிரி வட்டமான பற்றரி இருக்கிறது, சீஆர் 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதன் வேலை. கணினியை ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை மணிக்கூடு அந்தக் கரண்டில்தான் ஓடும். நீங்கள் ஒவ்வொரு இரவும் மெயினை இறக்குவதால் முழு இரவும் பற்றரியின் தலையில். மற்ற ஊர்களில் பல வருசம் போகிற பற்றரி எங்கள் பக்கத்தில் கெதியாகச் சாவதற்கு இதுதான் காரணம், மின்னலுக்குப் பயந்து நாங்கள் செய்வது சரியான வேலைதான், அதற்கு இது ஒரு சின்னக் கூலி.

திகதிக்கும் சிங்குக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒன்ட்ரைவ் தன் சேர்வரோடு பேசத் தொடங்கும்போது அந்தச் சேர்வர் ஒரு சான்றிதழ் காட்டும், இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் கணினி 2015இல் இருக்கிறது, அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கள்ளச் சான்றிதழ் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். பிரவுசரில் போயிருந்தால் உங்கள் மணிக்கூடு பின்னுக்கு நிற்கிறது என்று சொல்லியிருக்கும், அந்தப் பிள்ளை எக்செலையும் வேர்டையும் தவிர ஒன்றும் திறப்பதில்லை, அதுதான் இவ்வளவு நாள் தெரியவில்லை. தானாக நேரம் சரிசெய்கிற வசதி இருக்கிறதே என்றால், பிழை 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால் விண்டோஸின் நேரச் சேவை இயல்பாக அதைத் திருத்தாது, பத்து வருசத்தை எங்கே திருத்துவது.

இப்போது பட்டியல் இரண்டான கதையும் விளங்கும். கடிதம் அடிக்கிற நாளில் மட்டும் அவருக்கு இணைப்பு. இடையில் நாலு நாள் அவர் தன் பக்கத்தில் திருத்துகிறார், நீங்கள் வீட்டில் திருத்தி மேலே ஏற்றுகிறீர்கள். கதவு திறந்ததும் இரண்டு பேரின் திருத்தமும் முட்டுகிறது, எதையும் விட மனமில்லாமல் ஒன்ட்ரைவ் இரண்டையும் வைத்து ஒன்றின் பின்னால் கணினிப் பெயரை ஒட்டுகிறது. அது குழப்படி செய்யவில்லை, உங்கள் இரண்டு பேரின் வேலையையும் காப்பாற்றியிருக்கிறது.

வாய்க்கால் செயலாளர் | புதன், காலை 10.05

ஐயோ, இப்போதுதான் ஒன்று விளங்குகிறது. கணினிப் பெயர் ஒட்டிய பட்டியலில் கடைசியாகத் திருத்தியது 2015 என்று இருந்தது. பழைய குப்பை என்று ஞாயிறு இரவு அழிக்கப் போனேன், மனுசி சாப்பிடக் கூப்பிட்டதால் விட்டேன்.

முறிகண்டிக் கச்சான் | புதன், காலை 10.20

அக்காவுக்கு வாய்க்கால் அமைப்பில் ஒரு பதவி கொடுங்கோ.

பகிடி ஒரு பக்கம், அந்த 2015 ஃபைலில்தான் பிள்ளை இந்த நாலு நாளும் சேர்த்த திருத்தம் இருக்கிறது. மணிக்கூடு பிழையான கணினியில் சேமித்த எந்த ஃபைலின் திகதியையும் நம்பக் கூடாது. புதியது பழையது என்று திகதியைப் பார்த்துத் தெரிவு செய்யாமல் உள்ளே திறந்து வரி வரியாக ஒப்பிடுங்கோ. இரண்டு ஷீட்டையும் புதிய ஒரு ஃபைலில் பக்கத்துப் பக்கத்துத் தாளாகப் போடுங்கோ, அங்கத்துவ இலக்கத்தை வைத்து விலுக்கப் (VLOOKUP, எக்செலில் தேடி எடுக்கிற சூத்திரம்) போட்டு இரண்டாவதின் ஏக்கரை முதலாவதுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கோ, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கோ, பூச்சியம் வராத வரிகளை மட்டும் வடிகட்டுங்கோ. பெயரை வைத்துத் தேடாதேயுங்கோ, ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் எந்த வாய்க்காலிலும் இருப்பார்கள். ஆள் ஒருவர் ஒரு பட்டியலில் இருந்து மற்றதில் இல்லையென்றால் அந்த வரியில் பிழைச் செய்தி வரும், அதையும் விடாமல் பாருங்கோ. பிறகு அந்த வரிகளை நீங்களும் பிள்ளையும் ஒன்றாக இருந்து, கையெழுத்துப் படிவத்தையும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கோ.

பாலைப்பழம் | புதன், காலை 11.00

ஒன்ட்ரைவின் இணையத்தளத்துக்குள் போனால் அந்த ஃபைலுக்கு வேர்ஷன் ஹிஸ்டரி என்று இருக்கும், முந்தைய நிலைகளைத் திறந்து பார்க்கலாம். எந்த நாள் எந்த எண் மாறியது என்று சண்டை வந்தால் கைகொடுக்கும். அண்ணை, இனி ஒருவர் மட்டும் திருத்துவது என்று வைத்தால் என்ன? மற்றவர் பார்க்க மட்டும்.

கனகராயன் | புதன், காலை 11.15

பற்றரி மாற்றுவதற்கு என்னைத் தேட வேண்டாம், மணிக்கூட்டுக் கடையிலும் 2032 இருக்கும். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, பழையது எந்தப் பக்கம் மேலே பார்த்தபடி இருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கோ. கூட்டல் குறி இருக்கிற பக்கம்தான் பெரும்பாலும் மேலே வரும். சின்னக் கொழுவியை நகத்தால் தள்ளினால் தானாக எழும்பும், ஸ்க்ரூட்ரைவரால் கிண்டாதேயுங்கோ. முதல்முறை கணினியைப் போடும்போது பயோஸ், விண்டோஸுக்கு முன்னால் வருகிற அந்தக் கறுப்புத் திரை, ஏதாவது சாவியை அழுத்தச் சொல்லும், பயப்பட வேண்டாம். திகதியைத் திருத்திய பிறகு ஒன்ட்ரைவுக்குள் நுழையுங்கோ. ஆனால் அதற்கு முன் லாப்டொப்பில் சிங்கை இடைநிறுத்தி வையுங்கோ, ஒப்பிட்டு முடிக்கும்வரை இன்னொரு முட்டல் வேண்டாம்.

வாய்க்கால் செயலாளர் | வியாழன், இரவு 9.10

நேற்றுப் பின்னேரம் பற்றரி போட்டாயிற்று. பழையதைப் பிள்ளை வீட்டு மணிக்கூட்டுக்குப் போடலாமா என்று கேட்டாள். இன்றைக்குக் காலையில் மெயினைப் போட்டதும் திகதி சரியாக நின்றது, கடவுச்சொல் கொடுத்ததும் மேகம் நீலமானது, கொஞ்ச நேரம் அம்பு சுற்றியது, முடிந்தது.

விலுக்கப் எனக்குச் சரிவரவில்லை, எண்கள் சிலது எழுத்தாகப் பதிந்திருக்கிறதாம், மருமகன் வந்து திருத்திக் கொடுத்தான், மீட்டர்ட்டுக்குப் பிராயச்சித்தம். நூற்றுச் சொச்சம் பேரில் பதினொரு பேருக்குத்தான் எண் முட்டியது. ஏழு பேருக்கு அவளுடையது சரி, மூன்று பேருக்கு என்னுடையது, ஒருவருக்கு இரண்டுமே பிழை, படிவத்தில் வேறு எண். 2015 என்று நான் அழிக்கப் போன பட்டியலில்தான் சரியானது அதிகம்.

ஃபைல் பெயரையும் யுனிகோட்டுக்கு மாற்றினேன் மிஸ். பரந்தன் அண்ணைக்காகப் பென்டிரைவ் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கிறது.

ஏ9 பொடியன் | வியாழன், இரவு 9.25

அண்ணை, அந்த இரண்டுமே பிழையான ஆள் எங்கட மாமாவா? அரை ஏக்கர் குறையுது என்று கிழமைக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரியிறார்.

வாய்க்கால் செயலாளர் | வியாழன், இரவு 9.32

நாளைக்கு ஒன்பது மணிக்குக் கூட்டம் தம்பி. மாமாவை வரச் சொல்லுங்கோ, அனுமதிப்பத்திரத்தையும் கொண்டு.